மூன்று முறை திறந்த கடிதம்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் வரவில்லை என்றால் பட்டனை நாலு தரம் அமுக்குகிற ரகம் நான். திரையில் ஒரு ஜன்னல் திறக்கக் கொஞ்சம் நேரமானால் மறுபடி கிளிக், மறுபடியும் கிளிக். "அது வந்துகினுதான கீது, அதுக்குள்ள இன்னாடி அவசரம் உனுக்கு? பஸ்ஸா போவப்போது?" என்று ஷாகிதா பதினோரு வருடமாகத் திட்டியிருக்கிறாள். நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. போட்டுக்கொண்டிருந்தால் போன வெள்ளிக்கிழமை நடந்தது நடந்திருக்காது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எங்கள் டிராயிங் ஆபீஸ். தகட்டை அடித்துக் கார் பாகம் செய்ய இரும்பு அச்சு வேண்டும் இல்லையா, அந்த அச்சுக்கு டிராயிங் போடுவது எங்கள் வேலை. ஒரு காலத்தில் பதினோரு பேர் இருந்தோம். இப்போது மூன்றே பேர். நான் வெள்ளானூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். ஷாகிதா பூந்தமல்லியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். வாசலோர சீட்டில் மஸூத். ஆள் போன சீட்டுகளில் பிசிக்கள் மட்டும் உட்கார்ந்திருக்கின்றன.

கண்ணாடி அறைக்குள் ஏசி போட்டு யூனிக்ஸ் என்ற ரகத்துப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்திருக்கிறோம். நாங்கள் அதைப் பெரியவர் என்போம். டிராயிங் போடும் சாஃப்ட்வேர், பதினெட்டு வருடத்து டிராயிங்குகள், எங்கள் ஒவ்வொருவர் பேரிலும் பூட்டிய ஒரு அலமாரி, எல்லாம் பெரியவருக்குள்தான். எங்கள் மேஜையில் இருப்பது சாதாரண பிசி. பெரியவர் அனுப்பும் ஜன்னல்களை வாங்கித் திரையில் காட்டும். நாம் தட்டுவதையும் மவுஸை அசைப்பதையும் அவரிடம் திருப்பி அனுப்பும். அதோடு சரி. வேலை அங்கே, முகம் இங்கே. எந்த பிசியில் முகத்தைக் காட்டுவது என்று பெரியவருக்கு நாம்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிசிக்கும் ஒரு எண் இருக்கும். என் எண்ணைக் கொடுத்தால் என் திரையில் திறக்கும், அடுத்தவர் எண்ணைக் கொடுத்தால் அடுத்தவர் திரையில் திறக்கும். அப்படித் திறக்காமல் இருக்கத் தடை போட வழி உண்டு. நாங்கள் போட்டதில்லை. ஒருவர் டிராயிங்கை இன்னொருவர் திரைக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்ல அது வசதி.

விளையாட்டுக்கும் வசதி. பெரியவருக்குள் ஒரு சின்ன புரோகிராம் உண்டு: இரண்டு பெரிய கண்கள். மவுஸின் அம்புக்குறி எங்கே போகிறதோ அங்கே அந்தக் கண்ணுருண்டைகள் திரும்பும். வேறு ஒரு வேலையும் செய்யாது. மேனேஜர் உத்தமன் சார் மாடிப்படி ஏறினால் மஸூத் வாசலிலிருந்தே எங்கள் திரைக்குக் கண்ணை அனுப்பிவிடுவான். திரையில் கண் வந்தால் சேலை விளம்பரம், ஜாதகப் பொருத்தம், சமையல் வீடியோ எல்லாவற்றையும் மூடிவிட்டு டிராயிங்கைத் திறக்க வேண்டும். "கண்ணு வுட்டியா?" என்பதுதான் எங்கள் ஆபீசில் காலை வணக்கம்.

விளையாட்டில்லாத ஒரு விஷயமும் இருந்தது. ஒருவர் போட்ட டிராயிங்கை இன்னொருவர் பார்த்து, வலது மூலையில் 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் பச்சைப் பென்சிலால் எழுத்துப் போட்டால்தான் தாள் வெளியே போகும். என் டிராயிங்கை ஷாகிதா பார்ப்பாள், அவளுடையதை நான். அவள் கீழிருந்து மேலே பார்ப்பாள். "மேலேந்து பாத்தா நீ நெனச்சத தான் நானும் நெனப்பேன்" என்பாள். ஒவ்வொரு அளவிலும் விரலை வைத்து, உதட்டை அசைத்து, எல்லாம் முடிந்த பிறகு 'ஷா' என்று காலை இழுத்து ஒரு எழுத்து. பதினோரு வருடத்தில் அந்த எழுத்தில்லாமல் என் டிராயிங் ஒன்றுகூடப் படி இறங்கியதில்லை.

மார்ச்சில் ஒன்று இறங்கியது. எழுத்தோடுதான் இறங்கியது, ஆனால் அந்த எழுத்தைப் போட்டவள் நான்.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு ஷாகிதாவின் மகள் ஹிபா வேலப்பன்சாவடியில் காலேஜில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று போன் வந்தது. "நீ போ, நான் பாத்துக்குறேன்" என்று நான்தான் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். நாலரைக்கு டிராயிங்கை வாங்கிப் போக வண்டி வந்து நின்றது. டிரைவர் கீழே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அந்த ஹாரன் சத்தம் எனக்கு ஆகாது. ஷாகிதாவின் மேஜையில் பச்சைப் பென்சில் கிடந்தது. எடுத்தேன். 'ஷா' என்று போட்டேன், காலைக்கூட அவளைப்போலவே இழுத்தேன். கொடுத்தனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் காலையில் வந்ததும் அவள் அந்த டிராயிங்கைத் திறந்து பார்த்தாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "ராதி, இந்த ஓட்ட எடம் மாறிக்கீதுடி" என்றாள். போன் போட்டோம். அதற்குள் அங்கே இரும்பைக் குடைந்துவிட்டார்கள். அச்சு வீண்.

விசாரணைக்கு உத்தமன் சார் இரண்டு பேரையும் கூப்பிட்டார். 'சரிபார்த்தவர்' கட்டத்தில் விரலை வைத்தார். ஷாகிதா என் பக்கம்கூடத் திரும்பாமல், "நான் தான் சார் பாத்தேன். கண்ணுல படல" என்றாள்.

காலில் விழுந்திருக்க வேண்டும் நான். விழவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள், இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஏமாற்றுக்காரி என்று யாரோ சொல்வதுபோல இருந்தது. பார்ப்பதை நிறுத்தினேன். பேசுவதை நிறுத்தினேன். டிராயிங்கைச் சரிபார்க்க வேண்டுமென்றால் தாளை அவள் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன், அவளும் எழுத்தைப் போட்டு என் மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

போன திங்கட்கிழமை உத்தமன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த மாதத்தோடு பெரியவருக்கு ஓய்வு, டிராயிங் எல்லாம் ஸ்ரீபெரும்புதூரில் புது ஆபீசில் புது சாஃப்ட்வேருக்குப் போகிறது என்றார்.

"பழைய டிராயிங்க மாத்திக் கொடுக்க சீனியர்ல ஒருத்தர் வேணும். மஸூத் கம்ப்யூட்டரப் பாத்துப்பான், அவனுக்கு இடம் இருக்கு. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரத்தான் எடுக்க முடியும்மா. மார்ச் விஷயத்துல என்ன நடந்துச்சுன்னு எழுத்துல கொடுங்க. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வர்றேன்."

"ஷாகிதா கிட்டயும் கேட்டீங்களா சார்?"

"கேட்டேன். நான் சொல்ல வேண்டியத அப்பவே சொல்லிட்டேன் சார், எழுத ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

எனக்கு நாற்பத்து மூன்று வயது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தப் பெரியவர் ஒருவர்தான். அவரையே அணைத்துவிட்டால் என்னை எவன் எடுப்பான்? என் வீட்டுக்காரர் தமிழரசுவுக்குப் போன வருடம் முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து நிலையான வேலை இல்லை. ஷாகிதாவுக்கு அப்படியா? அவள் வீட்டுக்காரர் ஷவுகத் அலிக்குப் பூந்தமல்லி பஜாரில் செருப்புக்கடை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரோடு போடுகிறேன் என்று அந்தக் கடையில் பாதியை இடித்துவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை நினைக்காமல் இருந்தேன்.

கடிதத்தைப் பெரியவரிடம் என் அலமாரியில் வைத்து எழுதினேன். பிசியில் எழுதினால் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், பெரியவரிடம் என் பூட்டு எனக்கு மட்டும். மூன்று நாள் எழுதினேன், அடித்தேன், எழுதினேன். ஆபீஸ் கடிதம் என்பதால் இங்கிலீஷில்தான். நம் பாஷையில் சொன்னால் இதுதான் விஷயம்: 'டிராயிங் எண் 4471-ஐ வரைந்தது நான். அதைச் சரிபார்க்கும் பொறுப்பு ஷாகிதாவுடையது. அவர் ஒழுங்காகப் பார்த்திருந்தால் துளையின் இடம் மாறியது அன்றே தெரிந்திருக்கும். சமீப காலமாக வீட்டுப் பிரச்சினைகளால் அவருக்கு வேலையில் கவனம் இல்லை.'

அந்தக் கடைசி வரியை எழுதும்போது எனக்குக் கை கூசவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே என்னால் உட்கார முடியவில்லை. இரண்டு டீ, மூன்று தடவை பாத்ரூம், ஸ்கூட்டி சாவியைக் காணவில்லை என்று பையைக் கொட்டித் தேடல். சாவி கையிலேயே இருந்தது. பதினொன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை என்று கீழேயிருந்து குரல் வந்தது. பெரியவருக்கு மட்டும் பேட்டரி இருக்கிறது, அவர் தாங்குவார். எங்கள் பிசிக்கள் எல்லாம் பொட்டென்று அணைந்தன. அரை மணி நேரம் பேப்பரை விசிறிக்கொண்டு நடந்தேன். பன்னிரண்டேகாலுக்குக் கரண்ட் வந்ததும் விழுந்தடித்துக்கொண்டு பிசியைப் போட்டேன். பெரியவருக்குள் நுழைந்து, கடிதத்தைத் திறக்க நான் வைத்திருந்த ஐகானைக் கிளிக் செய்தேன்.

வரவில்லை. மறுபடி கிளிக். வரவில்லை. "சனியனே" என்று இன்னொரு தரம்.

என் திரையில் எதுவும் திறக்கவில்லை. அப்போதுதான் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த சீட்டு கண்ணில் பட்டது. நானே எழுதி ஒட்டியது. 'கரண்ட் போய் வந்தால் முதலில் உங்கள் எண்ணைப் பாருங்கள் - ராதிகா.'

எங்கள் ஆபீசில் பிசிக்கு எண் நிலையானதல்ல. கரண்ட் போய் வந்தால் எந்த பிசி முதலில் கண் விழிக்கிறதோ அதற்கு முதல் எண், அடுத்ததற்கு அடுத்த எண். ஒரு தடவை மஸூத் எழுதிய பிரியாணி லிஸ்ட் உத்தமன் சார் திரையில் போய்த் திறந்து பெரிய ரகளை ஆனது. அதற்குப் பிறகுதான் அந்தச் சீட்டை ஒட்டினேன். ஊருக்குச் சட்டம் எழுதியவள், என் ஐகானுக்குள் மட்டும் காலையில் இருந்த எண்ணை அப்படியே விட்டுவைத்திருந்தேன்.

பகீர் என்றது. திரை மூலையில் என் எண்ணைப் பார்த்தேன். மாறியிருந்தது. அப்படியென்றால் என் பழைய எண்ணை வேறு ஏதோ ஒரு பிசி வாங்கிக்கொண்டது. அதன் திரையில் என் கடிதம் மூன்று தடவை திறந்து கிடக்கிறது. ஷாகிதா வீட்டுப் பிரச்சினையால் கவனமில்லாதவள் என்று மூன்று ஜன்னலில்.

எழுந்தேன், உட்கார்ந்தேன், அதிலேயே ஐந்து நிமிஷம் போனது. ராதிகா பேரில் என்னென்ன ஓடுகிறது என்று பெரியவரைக் கேட்டால் பட்டியல் தருவார். கேட்டேன். கடிதம் இரண்டு இடத்தில் ஓடுவதாகப் பட்டியல் வந்தது.

இரண்டு. நான் திறந்தது மூன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். இரண்டுதான். அப்படியென்றால் ஒன்றை யாரோ கையால் மூடியிருக்கிறார்கள். ஆளில்லாத சீட்டு பிசியில் திறந்திருந்தால் மூடுவதற்கு யாரும் இல்லை. பார்த்தது ஓர் ஆள்தான்.

மிச்சமிருந்த இரண்டையும் இங்கிருந்தே கட்டளை கொடுத்துக் கொன்றேன். கொன்று என்ன பிரயோசனம், படித்தவர் படித்தாயிற்று.

மஸூத்தாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவனுக்கு வாய் ஓட்டைதான், பத்து நிமிஷத்தில் கீழ்மாடி வரைக்கும் சொல்லிவிடுவான். பரவாயில்லை, மஸூத்தாகவே இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவன் சீட்டுக்குப் போனேன். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தான். அவன் திரை கருப்பாக இருந்தது.

"இன்னாடா, இன்னும் போடலியா?"

"இல்லக்கா. ஜும்மாக்குப் போணும், வந்துதான் போடணும். நீ இன்னாக்கா, பேயறஞ்ச மாதிரி கீற?"

"வெயிலு" என்றேன்.

பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன், குடிக்கவில்லை. மிச்சமிருப்பது ஒரே ஆள். அவள் சீட்டு ஜன்னலோரம், ஃபைல் அலமாரிக்கு அந்தப் பக்கம். பிரிண்டரும் அங்கேதான். பிரிண்டரில் பேப்பர் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறவள்போல அலமாரியைச் சுற்றிப் போனேன். ஷாகிதா திரையில் ஒரு டிராயிங்கைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு எப்போதுமே முகத்தில் ஒன்றும் தெரியாது, என் முகத்தில்தான் எல்லாம் தெரியும்.

பிரிண்டர் தட்டை இழுத்தேன், தள்ளினேன், மறுபடி இழுத்தேன்.

"ராதி" என்றாள். இரண்டு மாதத்தில் முதல் வார்த்தை.

"ம்?"

"கரண்ட் வந்ததும் எண்ணப் பாத்தியா?"

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "பாத்தேன், பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் தட்டை அரைகுறையாக விட்டுவிட்டு ஓடிவந்தேன். அவள் எழுந்து தொழுகைக்காக ஸ்டோர் ரூம் பக்கம் போகும் சத்தம் கேட்டது. மஸூத்தும் கிளம்பிவிட்டான்.

அதன்பிறகு என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கண்ணாடி அறை வரை நடந்தேன், திரும்பினேன். டிபன் பாக்ஸைத் திறந்தேன், மூடினேன். அவள் படித்துவிட்டாள். மூன்று மணிக்கு உத்தமன் சார் வந்ததும் நேராகப் போய்ச் சொல்லிவிடுவாள்: அந்த எழுத்து என்னுடையது இல்லை சார், ராதிகா போட்டது, நான் அன்றைக்கு மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன், வாட்ச்மேன் நோட்டில் பாருங்கள். சொன்னால் என் கதை முடிந்தது. வேலையும் போய் மானமும் போகும். அவள் சொல்வதற்கு முன்னால் என் கடிதம் அவர் கைக்குப் போய்விட வேண்டும். ஆமாம், அப்போதும் என் புத்தி அங்கேதான் போனது. ஒளிக்க என்ன இருக்கிறது?

ஒன்றேகாலுக்கு உட்கார்ந்தேன். ஐகானுக்குள் எண்ணை மாற்றினேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். ஒரே ஒரு கிளிக். இந்த முறை காத்திருந்தேன். கடிதம் என் திரையிலேயே திறந்தது. பிரிண்ட் கொடுக்க மவுஸை மேலே கொண்டுபோகும்போது முதல் வரியில் ஏதோ இடித்தது.

'டிராயிங் எண் 4417.'

நான் 4471 என்றுதான் அடித்திருந்தேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஃபைல் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து பழைய ரெஜிஸ்டரை எடுத்துப் புரட்டினேன். மார்ச்சில் வீணானது 4417. 4471 ஒரு பழைய டிராயிங், தப்பேதும் இல்லாதது. என் கடிதம் அப்படியே போயிருந்தால் உத்தமன் சார் 4471-ஐத் திறந்து பார்த்துவிட்டு, இதில் என்னம்மா தப்பு, நம்பரைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாதா என்று கடிதத்தை என் மூஞ்சியிலேயே வீசியிருப்பார். ஷாகிதா தப்பித்திருப்பாள்.

அவள் திருத்தியிருக்கிறாள்.

ஜன்னல் அவள் திரையில் இருந்தாலும் எழுதுவது என் அலமாரியில்தானே. அவள் அங்கே தட்டினால் இங்கே விழும். திருத்தி, சேமித்து, அதன்பிறகுதான் மூடியிருக்கிறாள். வேறு எங்கேயாவது கை வைத்திருக்கிறாளா என்று வரி வரியாகப் பார்த்தேன். இல்லை. 'வேலையில் கவனம் இல்லை' என்ற வரியில் நான் விட்டிருந்த ஒரு ஸ்பெல்லிங் தப்பைச் சரி செய்திருந்தாள். அதைத் தவிர அந்த வரி அப்படியே இருந்தது. பக்கத்தைக் கீழே தள்ளினேன். என் பேருக்குக் கீழே, வலது ஓரத்தில், நான் அடிக்காத ஒரு வரி இருந்தது.

'சரிபார்த்தவர்: ஷா.'

எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. உடம்பெல்லாம் வெட்கம். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்பார்களே, அப்படி. கீழிருந்து மேலாக, விரலை வைத்து, உதட்டை அசைத்து இதையும் அவள் படித்திருப்பாள். மார்ச்சில் நான் அவளுக்குத் தெரியாமல் போட்ட எழுத்தை, இன்றைக்கு அவளே தன் கையால் போட்டிருக்கிறாள், தன்மேல் குற்றம் சொல்லும் தாளில்.

அப்போது திரையில் ஏதோ அசைந்தது. ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. இரண்டு கண்கள்.

மணி ஒன்று நாற்பது. மஸூத் இன்னும் மசூதியிலிருந்து வரவில்லை. ஷாகிதா தொழுதுவிட்டு எப்போதோ சீட்டுக்குத் திரும்பியிருந்தாள், இந்த மாடியில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். ஜன்னலோரச் சீட்டிலிருந்து பார்த்தால் கீழே கார் நிற்கும் இடம் தெரியும். உத்தமன் சார் முன்கூட்டியே வந்துவிட்டார் என்று எனக்குச் சொல்ல, இதைப் படித்த பிறகும், அவள் கண்ணை அனுப்பியிருக்கிறாள்.

மவுஸைப் பிரிண்ட் பக்கம் கொண்டுபோனேன். கண்கள் பிரிண்ட் பக்கம் திரும்பின. மூடும் பட்டனுக்குக் கொண்டுபோனேன். அங்கே திரும்பின. எங்கே கொண்டுபோனாலும் கூடவே வந்தன. மாடிப்படியில் ஷூ சத்தம் கேட்டது. உத்தமன் சார் என்னைத் தாண்டி, "வந்துட்டேன்மா, ரெடியா?" என்று கேட்டுக்கொண்டே தன் அறைக்குள் போனார்.

"அஞ்சு நிமிஷம் சார்."

அந்தக் கடைசி வரிக்கு மேலே இருந்த எல்லாவற்றையும் தேர்வு செய்து அழித்தேன். 'சரிபார்த்தவர்' என்ற வார்த்தையை மட்டும் விட்டேன், அதற்குப் பக்கத்தில் இருந்த 'ஷா'வை அழித்தேன். அதைப் போட எனக்கு உரிமை இல்லை, மார்ச்சிலும் இருக்கவில்லை. மேலே எழுதினேன். மூன்று நாள் தேவைப்படவில்லை.

'டிராயிங் எண் 4417-ஐ வரைந்தது நான். அன்று மாலை ஷாகிதா ஆபீசில் இல்லை. சரிபார்த்தவர் கட்டத்தில் அவருடைய எழுத்தைப் போட்டதும் நான்தான். அவர் அந்த டிராயிங்கைப் பார்த்தது மறுநாள். பார்த்த பத்தாவது நிமிஷம் தப்பைக் கண்டுபிடித்தார்.'

பிரிண்ட் கொடுத்தேன். அலமாரிக்கு அந்தப் பக்கம் பிரிண்டர் பேப்பரை இழுக்க முடியாமல் முனகியது. தட்டை ஒழுங்காக மூடாமல் வந்தது நான்தானே. ஷாகிதா எழுந்து அதை ஒரு தட்டுத் தட்டி மூடும் சத்தம் கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது தாள் வெளியே வந்துவிட்டது, அவள் அதைத் தொடவில்லை. எடுத்து அவள் மேஜையில் வைத்தேன்.

"பாத்துக் குடு" என்றேன்.

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். விரலை அடியில் வைத்தாள். கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியாகப் போனாள். உதடு அசைந்தது. எண்ணில் விரல் கொஞ்சம் நின்றது, அப்புறம் நகர்ந்தது. நான் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றேன். பச்சைப் பென்சில் பக்கத்திலேயே கிடந்தது. அதை எடுத்தாள். 'சரிபார்த்தவர்' என்ற வார்த்தைக்கு நேராகக் கொண்டுபோனாள்.

பிறகு பென்சிலை என் பக்கம் நீட்டினாள்.

"நீயே போட்டுக்கோ ராதி. உனுக்குத்தான் என் எழுத்து நல்லா வருமே."

சிரிக்கவில்லை, கத்தவில்லை. சொல்லிவிட்டுத் திரைப் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து டிராயிங்கைப் பெரிதாக்க ஆரம்பித்தாள். இரண்டு மாதமாக அவள் வாயில் இருந்த வார்த்தை அது. எனக்குச் சேர வேண்டியதுதான்.

"இல்லடி" என்றேன். பென்சிலை வாங்கி அவள் மேஜையிலேயே வைத்தேன்.

தாளை எடுத்துக்கொண்டு உத்தமன் சார் அறைக்கு நடந்தேன். நடக்கும்போது வலது மூலையைப் பார்த்தேன். 'சரிபார்த்தவர்' என்று இருந்தது, பக்கத்தில் வெள்ளை. பதினோரு வருடத்தில் 'ஷா' என்ற எழுத்தே இல்லாமல் நான் கொண்டுபோகும் முதல் தாள் அதுதான். கதவைத் தட்டினேன், ஒரு தடவை மட்டும்.